கைநாட்டு

“எல்லாமே கடையில வாங்கினதுதானேம்மா, இதுல நீ செஞ்சது எது?”

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, சாப்பாட்டு மேசை முழுக்க நான் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்து மகன் கேட்டான். கிண்டலாகத்தான் கேட்டான். தட்டு வைக்க இடம் இல்லாத எரிச்சலும் கொஞ்சம் இருந்திருக்கும். நாங்கள் இருக்கும் தெற்கு ஒன்ராரியோவில் டிசம்பர் வந்தால் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். அதன்பின் மூன்று மாதத்துக்கு மாலை என்பதே வீட்டுக்குள்தான். அந்த மாலைகளில் நான் குளிர்கால வாழ்த்து அட்டை செய்கிறேன். இது ஏழாவது ஆண்டு.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ரப்பர் ஸ்டாம்பு என்று நாங்கள் சொல்வது இப்போது பெரும்பாலும் ரப்பரே இல்லை. கண்ணாடிபோல் தெளிந்த பாலிமர் அது. அக்ரிலிக் கட்டையில் ஒட்டி, மை தொட்டு, தாளில் அழுத்தினால் படம் விழும். அந்தப் பைன் மரத்தை வரைந்தவர் எங்கோ இருக்கும் ஓர் ஓவியர். மை, கம்பெனி மை. தாள், ஆலைத் தாள். உள்ளே வரும் வாழ்த்து வாசகம்கூட யாரோ ஒருவர் அழகாக எழுதியதன் அச்சு. நானோ யானை வரைந்தால் உருளைக்கிழங்கா என்று கேட்கப்படும் ரகம். ஆக, என்னுடையது என்று சொல்லிக்கொள்ள என்ன மிச்சம்?

ஒன்றில் எவ்வளவு தூரம் நம் கை பட்டால் அது நம்முடையது ஆகிறது? யோசித்துப் பார்த்தால் இந்தக் கேள்வி அட்டையோடு நிற்பதில்லை. பாக்கெட் மாவில் சுட்ட தோசை என் தோசையா? கடையில் வாங்கிய பொடியைப் போட்டு வைத்த சாம்பாரை ‘எங்க வீட்டுச் சாம்பார்’ என்று பரிமாறலாமா? பிறந்தநாளுக்கு நாம் அனுப்பும் வாழ்த்தில் நாமே யோசித்த சொல் எத்தனை? மகனுக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. மேசையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, மனசுக்குள் கேள்வியை வைத்துக்கொண்டேன்.

வேலை நடக்கும் விதத்தைச் சொன்னால்தான் கேள்வியின் கனம் புரியும். இங்கே ‘லெட்டர்’ அளவு என்கிற 8½ × 11 அங்குலத் தாளைச் சரிபாதியாக வெட்டி மடித்தால் 4¼ × 5½ அங்குல அட்டை கிடைக்கும். ஒரு தாளுக்கு இரண்டு அட்டை, துண்டு மிஞ்சாது. அடுத்து, வேறொரு தாளைக் கையால் நீளவாக்கில் கிழிக்க வேண்டும். கத்தரிக்கோல் கூடாது. கிழிசலின் மேடுபள்ளம்தான் மலைச்சரிவு. அதைக்கொண்டு அட்டையின் கீழ்ப்பகுதியை மூடி, மேலே நிலா வர வேண்டிய இடத்தில் வட்டமாக வெட்டிய ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டால், வானத்துக்கு மை பூசலாம்.

இங்க் பிளெண்டிங் என்பது இந்த மை பூசுவதுதான். முகத்துக்குப் பவுடர் போடும் பிரஷைப்போல அடர்ந்து மெத்தென்று இருக்கும் பிரஷை இங்க் பேடில் தொட்டு எடுக்க வேண்டும். எடுத்த உடனே அட்டையின் நடுவில் வைத்தால் போச்சு. வட்டமாக ஒரு கறை விழும், பிறகு எந்தச் சாமி வந்தாலும் போகாது. அட்டைக்கு வெளியே, மேசை விரிப்பிலேயே சுற்றத் தொடங்கி, சிறு சிறு வட்டமாகச் சுழற்றிக்கொண்டே ஓரத்தைத் தாண்டி உள்ளே வர வேண்டும். வெளிர் நீலம் முதலில், அதன்மேல் கருநீலம், விளிம்பில் கத்தரிப்பூ நிறம். அழுத்தினால் திட்டுத் திட்டாகும். கை தொட்டும் தொடாமலும் இருந்தால், ஒரு நிறம் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று பூசியவருக்கே தெரியாது. அந்தி வானம் வேண்டுமென்றால் இன்னொரு சங்கடம். நீலமும் ஆரஞ்சும் நேருக்கு நேர் கலந்தால் சேற்று நிறம் வந்துவிடும். சண்டைக்காரச் சம்பந்திகளுக்கு நடுவே ஒரு பெரியம்மாவை உட்காரவைப்பதுபோல, இடையில் கொஞ்சம் இளஞ்சிவப்பை வைத்தால் சமாதானம்.

கடைசியில் பழைய டூத் பிரஷில் வெள்ளைப் பெயின்டைத் தொட்டு, பெருவிரலால் சுண்டினால் வானத்தில் பனி தூவும். அது காய்ந்ததும் மூடியிருந்த தாளையும் நிலாவின் ஒட்டுத்தாளையும் மெல்ல உரிப்பேன். இத்தனை வருஷமாகியும் அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். மலை முழுக்கப் பனி கிடக்கும், நிலா எரியும். இரண்டையும் நான் தீட்டவில்லை. நான் தீட்டியது வானத்தை மட்டும். பனி என்பது தொடாமல் விட்ட தாள்.

மகனுக்குச் சொல்ல அரைப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. எங்கே கை வைக்கக்கூடாது என்று முடிவு செய்வதும் கைவேலைதான். பூசியது பிடிக்கவில்லை என்றால் அதன்மேல் இன்னும் கருப்பாகப் பூசி மறைத்துவிடலாம். விட்டுவைக்க மறந்த வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. வீட்டிலும் அப்படித்தான். சொல்லாமல் விட்டதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், சொல்லிவிட்டதை என்ன செய்வது?

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எதிர்வீட்டுப் பெண்மணி, எண்பதைத் தொடுபவர். அவர் சொன்ன முதல் பாடம், பனிப்பூ ஸ்டாம்பு வாங்கும்போது கிளைகளை எண்ணிப் பார் என்பது. எட்டுக் கிளை வைத்த பனிப்பூக்கள் கடையில் நிறையவே இருக்கின்றன. பார்க்க அழகுதான், ஆனால் வானத்திலிருந்து அப்படி விழுவதில்லை. நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாகத்தான் அடுக்கிக்கொள்கின்றன, அதனால் கிளை ஆறு. ஏன் ஆறு என்று 1611-இல் ஒரு சிறுநூலே எழுதினார் வானியலாளர் கெப்ளர். பிராகு நகரில் பாலத்தைக் கடக்கும்போது மேலங்கியில் விழுந்த பனிதான் தொடக்கம். கடைசி விடை அவருக்குக் கிட்டவில்லை. ஆனால் அந்த நூலையே தன் புரவலருக்குப் புத்தாண்டுப் பரிசாக்கினார். பனிக்கான லத்தீன் சொல், ‘ஒன்றுமில்லை’ என்பதற்கான ஜெர்மன் சொல்லைப்போல் ஒலிக்கும். அதை வைத்து, ஒன்றுமில்லாததையே பரிசாகத் தருவதாக விளையாடியிருக்கிறார். பரிசு வாங்கியவர் ஒன்றுமில்லாததை ரசிக்கிற ஆள் என்று கெப்ளருக்குத் தெரிந்திருந்தது. விஷயம் அதில்தான் இருக்கிறது.

வாழ்த்து அட்டையின் கதையோ குறுக்குவழியில் தொடங்குகிறது. 1840-இல் பிரிட்டனில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் ஹென்றி கோலும் ஒருவர். தபால் மலிந்ததும் கடிதங்கள் குவிந்தன. பதில் போட நேரமில்லாத கோல், 1843-இல் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரைந்து வாங்கி ஏறக்குறைய ஆயிரம் அட்டை அச்சடித்தார். முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று அதைத்தான் சொல்கிறார்கள். அச்சானது கோடுகள் மட்டும். வண்ணம் ஒவ்வொன்றுக்கும் கையால் தீட்டப்பட்டது. விலை ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு கடிதங்களின் தபால் செலவு. படத்தில் குடும்பமே மதுக்கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்க, குழந்தைக்கும் ஒரு வாய் ஊட்டுவதுபோல் இருந்ததால் மதுவிலக்குக்காரர்கள் கொதித்தார்கள். நேரத்தை மிச்சம் பிடிக்க வந்த அந்த அட்டையில் கோல் இரண்டு இடங்களை அச்சடிக்காமல் வெறுமையாக விட்டிருந்தார். மேலே ‘பெறுநர்’, கீழே ‘அனுப்புநர்’. அந்த இரண்டை மட்டும் இயந்திரத்திடம் விடவில்லை. தன் பாட்டிக்கும் அத்தைக்கும் அவர் அனுப்பிய அட்டை 2001-இல் ஏலத்துக்கு வந்தபோது 22,500 பவுண்டுக்குப் போனது.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகத்துக்கு வந்தார். எங்கள் ஊர் கோவில்பட்டியில் தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே கடைவாசலில் கயிற்றுக்கட்டில் போட்டுப் பொங்கல் வாழ்த்து அட்டைகளைப் பரப்பிவிடுவார்கள். கரும்பு, பொங்கிவழியும் பானை, காளை, சாமி படங்கள், சினிமா நடிகர்கள். அப்பா கையில் பழைய டைரி ஒன்று இருக்கும். அதில் ஒரு பெயரைப் படிப்பார், கட்டிலைச் சுற்றி வருவார், ஒன்றை எடுப்பார். சிவாஜி படத்துக்கு முதல் நாளே போய் நிற்கிற மாமாவுக்குச் சிவாஜி. எம்.ஜி.ஆரைத் தவிர யாரையும் ஏற்காத சித்தப்பாவுக்கு எம்.ஜி.ஆர். திருச்செந்தூருக்கு நடந்தே போகும் அத்தைக்கு முருகன். ஒருமுறை அவசரத்தில் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அட்டை மாறிப்போய், தை முழுக்க அந்தப் பஞ்சாயத்து ஓடியது. உறையை ஒட்டாமல் செருகி, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதினால் அந்நாளில் தபால்தலை செலவு குறைவு. அதற்காகவே உள்ளே கையெழுத்து மட்டும்தான் போடுவார். படமும் வாசகமும் அச்சகத்தாருடையவை. இருந்தும் அவற்றைக் கண்ணாடிச் சட்டத்தில் செருகி ஆடிமாதம் வரை வைத்திருந்தவர்கள் உண்டு. ‘எனக்கு எது பிடிக்கும்னு அவனுக்குத் தெரியும்’ என்பதுதான் காரணம்.

நான் அப்பா பிள்ளையாக இருக்கத் தவறிய ஆண்டும் ஒன்று உண்டு. கைத்தொழில் படிந்துவிட்ட மிதப்பில், நாலாவது ஆண்டு ஒரே வாரயிறுதியில் முப்பது அட்டை செய்தேன். முப்பது தாளுக்கும் வானம், முப்பதுக்கும் மரம், கூலிக்குச் செய்வதுபோல் வரிசை வரிசையாக. எல்லாம் கனகச்சிதம். திங்கட்கிழமை உறையில் போட்டு முகவரி எழுதும்போது எது யாருக்கு என்று எனக்கே தெரியவில்லை. எதை எடுத்தாலும் யாருக்கும் பொருந்தியது. முப்பதையும் செய்தது என் கைதான். ஆனால் ஒன்றுகூட ஓர் ஆளுக்கென்று செய்யப்படவில்லை. என் சாமர்த்தியத்தை முப்பது பேருக்குக் காட்டினேன், அவ்வளவுதான். கை பட்டால் மட்டும் போதாது என்று அன்றைக்குப் புரிந்தது.

அடுத்த ஆண்டிலிருந்து முறையை மாற்றினேன். முதலில் உறையை எடுத்து முகவரி எழுதிவிடுவேன். அந்தப் பெயரை மேசையில் எதிரே சாய்த்து வைத்துக்கொண்டுதான் தாளை வெட்டுவேன். ஒரு மாலைக்கு ஓர் அட்டை, மிஞ்சினால் இரண்டு. இருட்டைக் கண்டால் மனம் சோரும் தோழிக்கு அந்தி வானம். குளிர்காலத்திலும் இந்த ஊரை விட்டுப் போகாத சிவப்புக் கார்டினல் பறவை, வேலை போயும் வீட்டைத் தாங்கி நிற்கும் ஒரு நண்பருக்கு.

போன ஆண்டு அண்ணனுக்குச் செய்ததில் ஒரு பிசகு. எல்லாம் முடிந்து மறைப்புத்தாளை உரிக்கும்போது, விரலில் ஒட்டியிருந்த கருநீலம் வெள்ளைப் பனியின் ஓரத்தில் முழுசாகப் பதிந்துவிட்டது. விட்டுவைத்த வெள்ளைதான் திருத்த முடியாதது என்று முன்னமே சொன்னேனே. வேறு செய்ய அன்று தெம்பில்லை, அப்படியே அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து கோவில்பட்டியிலிருந்து போன்.

“ஏட்டி, பனி ஓரத்துல நீலமா கெடக்கே, அது ஒன் பெருவெரலா?”

“ஆமாண்ணே, மை ஒட்டிக்கிட்டு. கவனிக்கல.”

“ஆச்சி கைநாட்டு மாதிரியே இருக்குட்டி.”

எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாதாமாதம் முதியோர் பென்ஷன் மணியார்டரில் வரும். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து ஆச்சியின் பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் ஒற்றி, பாரத்தில் உருட்டி எடுப்பார். பணத்தை எண்ணி முந்தியில் முடிந்துகொள்ளும் முன்பே ஆச்சி விரலைத் தலைமுடியில் தேய்த்து மையைத் துடைத்துக்கொள்ளும். யாரும் பார்த்துவிடக்கூடாது என்ற கூச்சம். ‘கைநாட்டு’ என்பது எங்கள் பக்கம் வசவு. ஆச்சிக்கு அது அவமானமாகவே கடைசிவரை இருந்தது. ஆனால் அந்தப் பாரத்தில் அச்சானவை எல்லாம் அரசாங்கத்தின் எழுத்து, மற்றதைத் தபால்காரர் நிரப்பினார். ஆச்சியுடையது அந்த நீல ரேகை மட்டும்தான். பணம் பட்டுவாடா ஆனது அதை நம்பித்தான்.

மகனுக்குப் பதில் இப்போது சொல்லலாம். ஸ்டாம்பு என்னுடையது இல்லை, மையும் இல்லை, பைன் மரமும் இல்லை. யாருக்கு என்று நான் தேர்ந்தது என்னுடையது. அவருக்காக எங்கே கை வைக்காமல் விட்டேன் என்பது என்னுடையது. தெரிந்தோ தெரியாமலோ அதில் பதிந்த ரேகை என்னுடையது. ஹென்றி கோல் விட்டுவைத்த இரண்டு வெற்றிடங்களுக்குள் இவ்வளவும் அடங்கிவிடும்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் பிரஷும் இங்க் பேடும் வாங்க வேண்டும் என்றில்லை. கடையில் வாங்கிய அட்டையே போதும். ஒன்று மட்டும் செய்யுங்கள். அட்டையைத் தேடுவதற்கு முன் உறையை எடுத்து, அதில் ஒரு பெயரை எழுதுங்கள்.