சொல்லிவிட்டால் கடமை தீர்ந்ததா?

“நான் அப்போதே சொன்னேனே!” வீட்டில் ஏதேனும் தவறு நேர்ந்ததும் எமது வாயில் முதலில் வரும் வார்த்தை இதுவே. சொல்லிவிட்டால் கடமை தீர்ந்துவிடுமா? அன்பார்ந்த வாசகரே, வான்வெளியில் நடந்த ஒரு விபத்தை முன்வைத்து இதனைச் சற்றுச் சிந்திப்போம்.

அமெரிக்காவில் பொதுமக்கள் பாவனைக்குரிய விமான நிலையங்கள் ஏறக்குறைய 5,000 உள்ளன. அவற்றுள் சுமார் 500இல் மட்டுமே கட்டுப்பாட்டுக் கோபுரம் உண்டு. ஏனையவற்றில், ‘நீ இறங்கு, நீ பொறு’ என்று கட்டளையிட எவரும் இல்லை. விமானி தான் இருக்கும் இடத்தையும் செய்யப்போவதையும் பொதுவான வானொலி அலைவரிசையில் தாமே அறிவிக்கிறார். பிறர் சொல்வதைக் கேட்கிறார். கண்ணால் பார்த்து விலகுகிறார்.

கலிபோர்னியாவிலுள்ள வாட்சன்வில் அத்தகையதொரு நிலையம். 2022 ஆகஸ்ட் 18ஆம் திகதி, செஸ்னா 152 என்னும் சிறு விமானம் ஓடுபாதையைச் சுற்றிவந்து இறங்க முற்பட்டது. இரட்டை இயந்திரம் கொண்ட செஸ்னா 340 ஒன்று தூரத்திலிருந்து நேராக, மிகுந்த வேகத்துடன் வந்தது. இரு விமானிகளும் அறிவித்தனர். பின்னால் வருபவர் விரைந்து நெருங்குவதைக் கண்ட சிறு விமானத்தின் விமானி, தாம் இறங்காது விலகுவதாகவும் சொன்னார். ஆயினும் விமானங்கள் மோதின. மூவர் மாண்டனர். இரட்டை இயந்திர விமானத்தின் விமானி மற்றதைக் கண்டு விலகத் தவறியமையே காரணம் எனத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முடிவு செய்தது.

மாண்டவரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. வானில் பார்ப்பது எளிதுமன்று. மோதும் பாதையில் வரும் விமானம் பெரும்பாலும் கண்ணாடியில் அசையாத புள்ளியாகவே தோன்றும். அசையாததைக் கண் தவறவிடும்.

அப்படியாயின் எங்கும் கோபுரம் கட்டினால் போதாதா? கோபுரம் உள்ள இடத்திலும், வானம் தெளிவாக இருந்தால், பார்த்து விலகும் கடமை விமானியை விட்டு நீங்குவதில்லை. அந்நாட்டுச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: இறங்க வருவோருள் தாழப் பறப்பவருக்கே முதலுரிமை, ஆனால் அவ்வுரிமையைப் பயன்படுத்திப் பிறர் முன்னே குறுக்கிடலாகாது.

ஆகவே அறிவிப்பது பாதிக் கடமையே. மற்றவர் கேட்டாரா, அவர் எங்கே இருக்கிறார், நான் வேகத்தைக் குறைக்க வேண்டுமா என்று கவனிப்பது மறுபாதி. முதற்பாதியை நாம் எமக்காகச் செய்கிறோம். மறுபாதியைப் பிறருக்காகச் செய்கிறோம்.

கணவன் மனைவிக்கிடையிலும், பெற்றோர் பிள்ளைகளுக்கிடையிலும் கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை. அடுத்த முறை “நான் சொன்னேனே” என்று வாய் திறக்குமுன், “நான் பார்த்தேனா?” என்று எம்மையே கேட்போமா?