தெரிந்தே புகைத்தல்

புகைப்பவனுக்குத் தெரியாது, தெரிந்தால் விட்டுவிடுவான் என்ற நம்பிக்கையில்தான் எல்லா எச்சரிக்கைகளும் எழுதப்படுகின்றன. இது ஸாக்ரடீஸின் நம்பிக்கை. பிளேட்டோவின் 'புரோடகோரஸ்' உரையாடலில் அவர் வாதிடுவது இதைத்தான்: தெரிந்துகொண்டே யாரும் தீயதைத் தேர்வதில்லை, தேர்ந்தால் அது அளப்பதில் நேர்ந்த பிழை. அருகிலிருக்கும் இன்பம் பெரிதாகவும் தொலைவிலிருக்கும் துன்பம் சிறிதாகவும் தெரிகிறது. அளக்கும் கலை கைவந்தால் பிழை நீங்கும். சிகரெட் பெட்டியின்மேல் அழுகிய வாயின் படத்தை அச்சிடும் அரசாங்கங்கள் தம்மை அறியாமலேயே ஸாக்ரடீஸின் சீடர்கள்.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஸிக்மண்ட் ஃப்ராய்டைவிடப் பொருத்தமான மனிதர் கிடைப்பது அரிது. அவர் மருத்துவர். மனிதன் தன்னிடமே எதை மறைக்கிறான் என்பதை ஆராய்வதைத் தொழிலாகக் கொண்டவர். இருபத்து நான்காம் வயதில் புகைக்கத் தொடங்கி, பிறகு சுருட்டுக்கு மாறி, நாளொன்றுக்கு இருபது வரை பிடித்தார். 1890களிலேயே இதயக் கோளாறு கண்டது. நண்பர் ஃப்ளீஸ் புகையை விலக்கச் சொன்னார். விட்டார், தவித்தார், மீண்டும் பிடித்தார். 1897ல் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதமொன்றில், புகையிலை உட்பட எல்லாப் போதைப் பழக்கங்களும் முதல் பழக்கமான சுயஇன்பத்தின் பதிலிகள் என்று குறிப்பிட்டார். இந்த விளக்கம் அவர் கைச் சுருட்டை அணைக்கவில்லை. பழக்கத்தின் வேரைக் கண்டு சொல்வது ஒன்று, வேர் அறுவது வேறொன்று. இது அவருடைய சொந்த சிகிச்சை முறையின் எல்லையையே தொட்டுவிடுகிறது. ஆனாலும் தம் சுருட்டைப் பற்றி அவர் விரிவாக எதுவும் ஆராயவில்லை. சில வேளைகளில் சுருட்டு வெறும் சுருட்டுதான் என்று அவர் சொன்னதாக ஒரு வாக்கியம் உலகெங்கும் வழங்குகிறது; அவர் சொன்னதற்குச் சான்று இல்லை. சொல்லாவிட்டாலும், அப்படித்தான் நடந்துகொண்டார்.

சுருட்டுக்கென்று தனியான ஒரு சமாதானம் உண்டு: நான் உள்ளே இழுப்பதில்லை. உண்மைதான். சிகரெட் புகை அமிலத்தன்மை கொண்டது, நுரையீரல்வரை போனால்தான் நிகோடின் ரத்தத்தில் போதுமான அளவு சேரும். சுருட்டுப் புகை பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது, வாயின் உட்தோலே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே இழுக்கத் தேவையில்லை. ஆனால் நுரையீரல் ஓரளவு தப்பும் இடத்தில் வாய் அகப்பட்டுக்கொள்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1998ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, நாள்தோறும் சுருட்டுப் பிடிப்பவருக்கு வாய், குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் அபாயம் அதிகம் என்றது. இழுக்காதவரும் இதற்கு விலக்கில்லை. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டி சிகரெட்டின் புகையிலை இருக்கக்கூடும். 'அவனைவிட எனக்குக் குறைவு' என்ற ஒப்பீட்டில் தன் நிரபராதித்தனத்தைக் கண்டுகொள்வது புகைப்பவனுக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. நம் அறவாழ்க்கையின் பெரும்பகுதி அப்படித்தான் நடக்கிறது.

1923ன் தொடக்கத்தில் ஃப்ராய்ட் தம் வாயின் வலப்புறத்தில் ஒரு வளர்ச்சியைக் கவனித்தார். சுமார் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. காட்டினால் சுருட்டை நிறுத்தச் சொல்வார்கள். ஏப்ரலில் அறுவை நடந்தது. அது புற்று என்பதை மருத்துவர் ஃபெலிக்ஸ் டாய்ட்ஷ் அவரிடம் மறைத்தார். மறைத்தது பின்னர் தெரியவந்தபோது ஃப்ராய்ட் சினந்தார். தம்மிடமிருந்து தாமே மறைத்ததைப் பொறுத்துக்கொண்டவர், பிறர் மறைத்ததைப் பொறுக்கவில்லை. இதை முரண்பாடு என்று கேலி செய்வது சுலபம். நான் இதில் ஒரு நியாயத்தைக் காண்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

அதே ஆண்டு அக்டோபரில் ஹான்ஸ் பிக்லர் மேல்தாடையின் ஒரு பகுதியையும் அண்ணத்தையும் வெட்டி எடுத்தார். வாயையும் மூக்கையும் பிரிக்க ஒரு செயற்கைத் தாடை பொருத்தப்பட்டது. பதினாறு ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள். சுருட்டு நிற்கவில்லை.

அரிஸ்டாட்டில் இத்தகைய மனிதனைக் குடித்தவனோடு ஒப்பிடுகிறார்: எம்பெடக்ளீஸின் செய்யுளைக் குடிகாரன் ஒப்பிப்பதுபோல, அறிவு அவன் நாவில் இருக்கிறது, அவனிடம் இல்லை. ஃப்ராய்டுக்கு இது பொருந்தாது. அவர் நிதானமாகக் கணக்குப் பார்த்தவர். தம் உழைப்பாற்றலுக்கும் சுயகட்டுப்பாட்டுக்கும் சுருட்டுக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக 1929ல் எழுதினார். அதாவது இது பலவீனமல்ல, பேரம்: ஆயுளைக் கொடுத்து எழுத்தை வாங்குதல். நம்மவர்களுக்கு மிகவும் பிடித்த பேரம் இது. எழுதுகிறவன் எரிந்தாக வேண்டும் என்ற ரொமான்டிக் மதத்துக்கு நம் டீக்கடைகளில் பக்தர்கள் ஏராளம்.

பேரத்தின் குறை எங்கே? தராசைப் பிடித்திருப்பதே நிகோடின் என்பதில். பழகிய உடம்பில் புகை இல்லாதபோது சிந்தனை சிதறுகிறது. புகை வந்ததும் கூடுகிறது. சிதறலை உண்டாக்கியவனே கூட்டித் தந்ததற்குக் கூலி கேட்கிறான். குற்றவாளியே நீதிபதியாக அமர்ந்திருக்கும் மன்றத்தில் கிடைத்த தீர்ப்பைச் சுதந்திரமான தேர்வு என்று சொல்ல முடியாது. தமிழில் 'சுருட்டுதல்' என்ற வினைக்குப் பிறர் பொருளை அபகரித்தல் என்றும் ஒரு அர்த்தம் உண்டு. மொழி சில சமயம் தத்துவவாதியை முந்திவிடுகிறது.

வாங்கியதிலும் ஒரு பகுதி பறிபோயிற்று. அறுவைகளால் வலது காது கேளாமற்போய், பிறர் பேசக் கேட்பதே தொழிலாகக் கொண்டவர் தம் நாற்காலியை இடம் மாற்றிப்போட நேர்ந்தது. பேரத்தில் கையெழுத்திடாத இன்னொருவரும் இருந்தார். அந்தத் தாடையைக் கழற்றவும் பொருத்தவும் துணை நின்றது, மரணம்வரை தாதியாக இருந்தது, மகள் அன்னா. 'என் உடம்பு, என் உரிமை' என்பவன் தன் உடம்பைத் தூக்கிப் பிடிக்கும் கைகளை எண்ணுவதில்லை.

இதையெல்லாம் மரண உந்துதல் என்று விளக்கிவிடலாம். 1920ல் ஃப்ராய்டே அந்தக் கருத்தை நமக்கு வழங்கிவிட்டார். எனக்கு அது தேவைப்படவில்லை. ஒரு தாவரத்தின் ரசாயனம் செய்ததை மானுட ஆழத்தின் தலையில் கட்டுவது, புகைக்குக் காவியத் தகுதி அளிப்பது.

அப்படியானால் உண்மை எதற்கு? 1920களின் இறுதியில் மாக்ஸ் ஷுர் தம் மருத்துவராகப் பொறுப்பேற்றபோது ஃப்ராய்ட் இரண்டு வாக்குறுதி கேட்டார்: எப்போதும் உண்மையே சொல்ல வேண்டும், காலம் வரும்போது வீணாக வதைபட விடக்கூடாது. இரண்டும் காப்பாற்றப்பட்டன. 1939 செப்டம்பர் 23 அன்று லண்டனில், ஷுர் அளித்த மார்பினுக்குப் பின் அவர் இறந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் உண்மை அவரைச் சுருட்டிலிருந்து மீட்கவில்லை. இருந்தும் அது இல்லாமல் வாழ அவர் சம்மதிக்கவில்லை.

ஸாக்ரடீஸ் உண்மையைக் கருவியாக்கினார். அது வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தார். வேலை செய்யாவிட்டாலும் உண்மை மனிதனுக்குச் சேர வேண்டிய பங்கு. அவன் விட்டுவிடுவான் என்பதற்காக எச்சரிக்க வேண்டியதில்லை. விடாதவனுக்கும் அது சேர வேண்டும். அதே போல, 'எனக்கு எல்லாம் தெரியும்' என்பது விடுதலை பெற்றவனின் வாக்குமூலமும் அல்ல. ஃப்ராய்டுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.