வேலி யாருடைய கடமை?

கீரைப் பாத்தியைக் கோழி கிளறிவிட்டால் நம் வாயில் முதலில் வருவது சாபம். கோழியைத் திட்டத் தொடங்கி, அடுத்த மூச்சில் அதற்கு உரியவரைத் திட்டி முடிக்கிறோம். அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள தாமிரபரணிக் கரையூர்களில் இரு வீட்டாரிடையே பேச்சு அற்றுப்போக நிலத்தகராறு வேண்டும் என்பதில்லை. புறவாசலில் திரியும் நான்கு பெட்டைக் கோழிகள் போதும். சிறு காரியம்தான். ஆயினும் இதனுள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. காக்கும் கடமை செடி வைத்தவருக்கா, கோழி வளர்ப்பவருக்கா?

முதலில் கோழியை விடுவித்துவிடுவோம். பகுத்தறிவற்ற உயிரை அதன்பொருட்டே சபிப்பது பயனற்றது, ஆகவே தகாதது என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். அறிவும் விருப்புரிமையும் இல்லாத இடத்தில் பாவமும் இல்லை என்பது அவர் கொள்கை. ஐரோப்பா அவருக்கு முழுவதும் செவிசாய்க்கவில்லை. 1474-இல் பாசல் நகரில், முட்டையிட்டது என்ற குற்றத்துக்காக ஒரு சேவலை விசாரித்துத் தீயிலிட்டனர். நாம் சிரிக்கலாம். ஆனால் கல்லெடுத்து எறியும் நம் கையும் அந்த வழக்குமன்றத்தைச் சேர்ந்ததே.

கிளறுவது கோழியின் குணக்கேடு அன்று. அதன் மூதாதையர் காட்டுச் சருகைக் கிளறி இரை தேடினர். பொதிகைக் காடுகளில் சாம்பல்நிறக் காட்டுக்கோழி இன்றும் அவ்வாறே தேடுகிறது. வீட்டுக்கோழியின் மஞ்சள் காலுக்குரிய மரபுக்கூறு இந்த இனத்திடமிருந்து வந்தது என 2008-இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். ஒரு வகையில் நம் புறவாசல் கோழி நம் மலைக்கு உறவுக்காரி. கொத்தி, எருவிட்டு, நனைத்து வைத்த பாத்தி அதன் கண்ணுக்குப் புழு நிறைந்த காட்டுத் தரை. நாம் அழைத்ததுபோலவே வருகிறது.

களையைத் தின்றுவிட்டு நாற்றை விட்டுவைக்கக் கூடாதா என்று கேட்போர் உண்டு. களை என்பது நாம் இட்ட பெயர். அதிலும் நாம் நிலையாய் நிற்பதில்லை. குப்பைமேனியைப் பிடுங்கி எறிகிறோம், சொறி கண்டால் அதையே தேடி அலைகிறோம். களையோடு பயிரும் பிடுங்கப்பட்டுவிடுமே என்று நற்செய்தி உவமையின் நிலக்கிழார் அஞ்சியதைக் கோழி நாள்தோறும் செய்து காட்டுகிறது. கோரைக்கிழங்கோ மண்ணின் ஆழத்தில் பத்திரமாய் இருக்கிறது. அதற்கு நாம்தான் குனிய வேண்டும்.

ஆகவே பொறுப்பு மனிதருடையது. எந்த மனிதருடையது? தன் கால்நடையைப் பிறர் வயலில் மேயவிட்டவரே ஈடுசெய்ய வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூலின் 22-ஆம் அதிகாரம். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டமும் ஏறத்தாழ அவ்வழியே செல்கிறது. ஆனால் யானை, ஒட்டகம், கழுதை, பன்றி, ஆட்டுக்குட்டி என்று பெயர் சொல்லும் அச்சட்டத்தில் கோழி இல்லை. கோழியைக் கொண்டித்தொழுவில் அடைக்க இயலாது. சட்டம் கைவிட்ட இடத்தில் மனச்சான்றுதான் பேச வேண்டும்.

வளர்ப்பவரே அடக்கி வளர்க்க வேண்டும் என்பதே பொதுவிதியாக நமக்கும் சரியெனப்படுகிறது. ஆனால் வளர்ப்பவர் யார்? மூன்று கோழிகளையும் அவற்றின் முட்டைகளையுமே அவசரச் செலவுக்கு நம்பியிருக்கும் கைம்பெண்ணிடம், "பஞ்சாரத்திலேயே கவிழ்த்து வை" என்பது நீதியாகுமா? மேய்ந்து வளரும் வரையில்தான் அவருக்கு ஆதாயம். அடைத்தால் தீவனத்துக்கே காசு போய்விடும். அங்கே இயன்றவர் வேலிச் செலவை ஏற்பது நீதியே. அதற்கு இரக்கம் என்று பெயரிட்டு நாம் பெருமைகொள்ள வேண்டியதில்லை.

அது பெருஞ்செலவும் அன்று. விதைத்த பாத்தியின்மேல் உடைமுள்ளோ பனையோலையோ பரப்பினால் முளை எழும்வரை தாங்கும். கத்தரி, மிளகாய் நாற்றின் அடியைச் சுற்றிக் கல் பதித்தால் கிளற இடமிராது. சீமைக் கருவேல முள்ளை வெட்டிவருவோர் மட்டும் நெற்று ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேலிக்கும் விறகுக்கும் என வளர்த்த மரம் குளங்களிலும் தரிசுகளிலும் பரவி, அதை அகற்றுமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் ஆணையிடும் அளவுக்கு வந்தது. வேலியே பயிரை மேய்வதைப் பழமொழியில் மட்டுமா கண்டோம்!

கீரை அறுத்து முடிந்த பாத்திக்கு அண்டை வீட்டுக் கோழிகளை நாமே அழைக்கலாம். புல்விதையும் புழுவும் பொறுக்கும், எச்சமும் உரமாகும். பச்சை எச்சம் வேரைச் சுடும் என்பதால் மக்கவிட்டே விதைக்க வேண்டும். அழைக்குமுன், பக்கத்துப் பாத்தியின் முள் சரிந்து கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.