மாக்கோழியும் மாரியோவும்

உயிரற்ற ஓர் உருவத்தைக் கொல்வது இம்சையாகுமா? இவ்வினா நம் சமயத்திற்குப் புதியதன்று. எனினும் சிறுவர் திரையில் ஆடும் ஆட்டங்களால் இஃது இன்று மீண்டும் நம் முன் வந்து நிற்கிறது. கள்ளக்குறிச்சிப் பகுதியில் நாம் ஆசிரியப் பணியாற்றிய நாள்களில் பெற்றோர் சிலர் இதனை வினவியதுண்டு. இப்போது அவர்களே தாத்தா பாட்டியராகி மறுபடியும் வினவுகின்றனர். ஆதலின் சிறிது ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக ஒரு பழைய ஆட்டத்தைக் கொள்வோம். ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1983-இல் ஃபேமிகாம் என்னும் கருவியை வெளியிட்டது. அதில் ஆடுவதற்காக 1985-இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வந்தது. 1990-களில் அக்கருவியின் மலிவான பிரதிகள் நம் நாட்டுக் கடைகளுக்கும் வந்தன. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து, கேசட்டைச் செருகி, இயங்காவிடில் அதை எடுத்து வாயால் ஊதி மீண்டும் செருகிச் சிறுவர் ஆடியதை அக்காலப் பெற்றோர் மறந்திரார். இன்று பேரக்குழந்தைகள் அதே ஆட்டத்தைக் கையடக்கக் கருவிகளில் ஆடுகின்றனர்.

மாரியோ என்னும் சிறு மனிதன் இடமிருந்து வலமாக ஓடுகிறான், பள்ளங்களைத் தாண்டுகிறான், செங்கற் படிகளில் ஏறுகிறான். எதிரே காளான் வடிவில் ஒரு சிற்றுயிர் நடந்து வருகிறது. அது தீண்டினால் அவன் மடிவான். ஆடுபவருக்கு வழிகள் இரண்டு. அதனைத் தாண்டிச் செல்லலாம்; அல்லது அதன் தலைமேல் குதித்து நசுக்கலாம். நசுக்கினால் 100 புள்ளிகள் கிடைக்கும். தாண்டினால் ஒன்றும் இல்லை.

"அது வெறும் ஒளிதானே? எந்த உயிர் போயிற்று?" என்று கேட்பவர் உண்டு. இதற்கு விடை யசோதர காவியத்தில் உள்ளது. உயிர்ப்பலி தர மறுத்த யசோதர மன்னன், தாய் சந்திரமதியின் வற்புறுத்தலால் மாவினால் செய்த கோழியைத் தேவியின்முன் வெட்டினான். குருதி சிந்தவில்லை. ஆயினும் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்ற பின்னரே அபயமதி, அபயருசி என மனிதராயினர். மாவுக்கு உயிர் இல்லை. வெட்டிய கைக்குப் பின்னே கொல்லும் கருத்து இருந்தது; வினை அக்கருத்தைப் பற்றிக்கொண்டது.

புறத்தே உயிர் போவதைத் திரவிய இம்சை என்றும், உள்ளத்தே கொலையெண்ணம் எழுவதைப் பாவ இம்சை என்றும் நம் ஆகமங்கள் பிரித்துரைக்கும். உழவன் ஏரோட்டுகையில் உயிர்கள் மடியினும் அவன் கருத்து விளைச்சலில் உள்ளது. வலைஞன் வலையில் ஒரு மீனும் அகப்படாவிடினும் அவன் கருத்து கொலையில் உள்ளது என்னும் உவமையை நாம் அறிவோம். கல்வராயன் மலையில் சாமை முற்றும் காலத்தில் குருவி ஓட்டும் சிறுவனையும் இவ்வாறே எண்ணிப் பார்க்கலாம். அவன் கையில் கல் இருக்கலாம். ஆனால் குருவி பறந்து போனால் அவனுக்குப் போதும். திரையின்முன் அமர்ந்த பிள்ளையின் கையில் கல் இல்லை. எதிர்ப்பட்டது நசுங்கினால்தான் அவனுக்கு மகிழ்ச்சி எனில், இருவருள் எவன் உள்ளம் தூயது?

அப்படியானால் ஆட்டம் முழுவதும் பாவமா எனில், அதுவும் பொருந்தாது. ஆடுபுலி ஆட்டத்தில் ஆடு வெட்டுப்படுகிறது; சதுரங்கத்தில் யானையும் குதிரையும் வீழ்கின்றன. அங்கே மனம் கணக்கில் நிற்கிறது, சாவில் நிற்பதில்லை. மேலும் வினைப்பிணிப்பு பரிணாமத்தின் தீவிரம், மந்தம், அறிந்து செய்தல், அறியாது செய்தல் ஆகியவற்றால் வேறுபடும் எனத் தத்துவார்த்த சூத்திரம் விளக்குகிறது. பலியின் பயனை விரும்பி வெட்டிய மன்னனையும் புள்ளிக்காகக் குதிக்கும் பிள்ளையையும் ஒரே தட்டில் வைத்தல் நீதியாகாது. நரகம் என்று கூறிக் குழந்தையை அஞ்சச் செய்வதும் ஓர் இம்சையே. ஆயினும் மந்தமான எண்ணமும் நாள்தோறும் பழகினால் இறுகும். கல் தரையில் எறும்பு ஊர்ந்த தடம்போல அது படியும்.

ஆசிரியப் பயிற்சியில் விளையாட்டு முறைக் கல்வியைப் பயின்றவர்கள் நாம். விளையாட்டைப் பிடுங்குவதால் பிள்ளை திருந்துவதில்லை. விளையாட்டுக்குள் ஒரு விதியை வைத்தால் திருந்தும். எனவே சிராவகக் குடும்பத்தினர்க்கு நாம் கூறுவது இது: "முதற் கட்டத்தை ஒன்றையும் மிதியாமல் முடித்துக் காட்டு பார்ப்போம்" எனப் பிள்ளையிடம் சொல்லுங்கள். அது முடியக்கூடியதே, ஆனால் கடினம். காலக் கணக்கு குறைந்துகொண்டே வரும், புள்ளியும் சேராது. எதிரே வருவதன் நடையை நோக்கி, பொறுத்து, உரிய நொடியில் தாண்ட வேண்டும். பார்த்து நடக்கும் ஈரியா சமிதியின் முதற்பாடம் இதில் இல்லையா? புள்ளியை விட்டுக்கொடுக்கப் பழகும் பிள்ளை விரதம் என்பதன் பொருளை அறியத் தொடங்குகிறது.

இறுதிக் கட்டத்தில் ஒரு தடை உண்டு. மாரியோ கோடரியைத் தொட்டதும் பாலம் அறுந்து பகைவன் நெருப்புக் குழம்பில் விழுகிறான். இதனைத் தவிர்த்து இளவரசியை மீட்க வழியில்லை. இல்லறத்தான் முற்றும் விலக்க இயலாத விரோத இம்சை போன்றது இஃது. சங்கற்ப இம்சையை அவன் விட்டே ஆக வேண்டும். தற்காப்பில் நேர்வதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வழியில் வரும் எளிய உயிரைப் புள்ளிக்காக நசுக்குவது முன்னதைச் சாரும்.

அதற்கும் மேலான நிலை ஒன்றுண்டு. திருநறுங்கொண்டை மலையில் அப்பாண்டைநாதராக எழுந்தருளியுள்ள பார்சுவநாதரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிறவிதோறும் பகைத்த கமடன் மழையும் புயலுமாய்த் தாக்கியபோதும் பெருமான் அவனை எதிர்க்கவில்லை. இறுதியில் பகைவனே பகை ஒழிந்து பணிந்தான். பகைவன் வீழாமலே முடியும் வெற்றி ஒன்று உண்டு என்பதை எந்த ஆட்டமும் அவர்களுக்குக் கற்பிக்காது; அதைக் கற்பிக்கும் கடமை நம்முடையது.

வளர்க ஜினதருமம்!