உங்ககிட்ட காப்பி இருக்கா?

என் பெரியப்பா 2002-ல் ரிடையர் ஆனார். 33 வருஷ அரசாங்க உத்தியோகம். கடைசி நாளன்று மாலை, சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம் எல்லாம் கொடுத்து, வீடு வரைக்கும் ஜீப்பில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். பென்ஷன் மட்டும் வரவில்லை.

போய்க் கேட்டால், சர்வீஸ் ரிஜிஸ்டரில் 1974 முதல் 1977 வரைக்கும் பதிவே இல்லையாம். அந்த மூன்று வருஷம் அவர் வேறொரு ஊரில் வேலை பார்த்திருக்கிறார். அங்கிருந்து காகிதங்கள் வரவே இல்லையா, வந்த பிறகு தொலைந்ததா... யாருக்கும் தெரியவில்லை.

“உங்ககிட்ட காப்பி ஏதாவது இருக்கா ஸார்?” என்றார் செக்‌ஷன் கிளார்க். மரியாதையாகத்தான் கேட்டார். குடிக்கிற காபியும் வாங்கிக் கொடுத்தார்.

பெரியப்பா வீட்டுக்கு வந்ததும் பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். இன்கிரிமென்ட் உத்தரவு, டிரான்ஸ்ஃபர் ஆர்டர், கடைசிச் சம்பளச் சான்றிதழ். மங்கிப்போன கார்பன் நகல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபடியே கேட்டார்:

“தொலைச்சது அவங்க. சாட்சி சொல்ல வேண்டியது நானாடா?”

பதினாலு மாசம் கழித்து பென்ஷன் வந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

அப்போது நான் பி.காம். கடைசி வருஷம். ‘வவுச்சிங்தான் ஆடிட்டிங்கின் முதுகெலும்பு’ என்று புரொஃபஸர் எழுதிப்போட, பத்து மார்க்குக்காக உருப்போட்டுக்கொண்டிருந்தேன். காகிதம் இருந்தால் நடந்தது. காகிதம் இல்லையென்றால் நடக்கவே இல்லை. அவ்வளவுதான் பாடம்.

அதே வருஷம்தான் ஆர்தர் ஆண்டர்சன் என்கிற உலகப்புகழ் ஆடிட்டிங் நிறுவனம் அமெரிக்காவில் கவிழ்ந்தது. என்ரான் கம்பெனியின் கணக்கைப் பார்த்தவர்கள் அவர்கள்தான். 2001 அக்டோபரில், விசாரணை வருகிறது என்று தெரிந்த நேரத்தில், என்ரான் காகிதங்களை மளமளவென்று ஷ்ரெடரில் போட்டுத் தள்ளினார்கள். இ-மெயில்களையும் அழித்தார்கள். கேட்டதற்கு, ‘எங்கள் ஆவண விதிமுறைப்படிதான் செய்தோம்’ என்றார்கள். 2002 ஜூனில் குற்றவாளி என்று தீர்ப்பு. ஜூரிக்குச் சொல்லப்பட்ட சட்ட விளக்கம் சரியில்லை என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்குள் கம்பெனி இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

ஆக, காகிதத்தைக் கிழிப்பவன் கெட்டவன், பத்திரப்படுத்துபவன் நல்லவன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். விஷயம் அத்தனை சுலபமில்லை என்று புரியவைத்தது இங்கிலாந்தில் நடந்த ஒரு சமாசாரம்.

1948-ல் ‘எம்பயர் வின்ட்ரஷ்’ என்கிற கப்பலில் கரீபியன் தீவுகளிலிருந்து சில நூறு பேர் இங்கிலாந்தில் வந்து இறங்கினார்கள். பிறகு இன்னும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பலர் குழந்தைகள், அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டில் வந்தவர்கள். 1973-க்கு முன்பு வந்து குடியேறியவர்கள் தாராளமாக இருக்கலாம் என்றது சட்டம். ஆனால், ‘நீ இருக்கலாம்’ என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கவில்லை. அரசாங்கமும் பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

யார் எப்போது வந்தார்கள் என்பதற்கு மிச்சமிருந்த ஒரு தடயம், கப்பலிலிருந்து இறங்கும்போது எழுதிய லேண்டிங் கார்டு. லண்டனின் தென்பகுதியான க்ராய்டனில் ஓர் அலுவலகத்தில் அவை கிடந்தன. 2010-ல் உள்துறை அமைச்சகம் அவற்றை அழித்தது. தனிநபர் விவரங்களைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாதே, அதனால்தான் அழித்தோம் என்று பிற்பாடு விளக்கம் சொன்னார்கள். நல்ல கொள்கைதான்!

2012-க்குப் பிறகு சட்டங்கள் இறுகின. வேலைக்கு, வாடகை வீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, எல்லாவற்றுக்கும் சான்று கேட்டார்கள். ஐம்பது வருஷம் வரி கட்டிய மனிதர்களிடம், ‘நீ இங்கேதான் இருந்தாய் என்று வருஷவாரியாக நிரூபி’ என்றார்கள். வேலை போனது, வீடு போனது. ஒருவரிடம் புற்றுநோய் சிகிச்சைக்கு 54,000 பவுண்டு கேட்டார்கள். குறைந்தது 83 பேர் நாட்டை விட்டே தவறாக அனுப்பப்பட்டார்கள். 2018-ல் எல்லாம் அம்பலமாகி, உள்துறை அமைச்சர் ராஜினாமா செய்தார்.

யோசித்துப் பாருங்கள். ஆண்டர்சனில் கிழித்தவர்களுக்கு, எதை மறைக்கிறோம் என்று தெரியும். க்ராய்டனில் கார்டுகளை அள்ளிப் போட்டவர் மனசில் கள்ளம் இருந்திருக்காது. அறை சுத்தமாகிறது என்றுகூட நிம்மதிப்பட்டிருப்பார். எனக்கு அதிகம் பயம் தருவது இந்த இரண்டாவது ரகம்தான். கெட்டவன் என்றைக்காவது மாட்டிக்கொள்வான். இங்கே பிடிப்பதற்கு ஆளே இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே இருக்க முடியுமா? முடியாது. வைக்கவும் கூடாது. உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவை முப்பது வருஷம் கழித்து எவனோ புரட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்குப் பிடிக்குமா? அழிப்பது தப்பில்லை. அழித்துவிட்டு, அதே காகிதத்தை எதிரே நிற்பவனிடம் கேட்பதுதான் தப்பு.

“அப்படின்னா, வர்றவன் சொல்றதையெல்லாம் நம்பிடணுமா? நாட்டுல ஃபிராடே இல்லையா?” என்பார் ஆடிட்டர் நண்பர். நியாயமான கேள்வி. கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆனால், முதலில் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள். அந்த மனிதர்கள் கட்டிய வரிக்கணக்கு அதே அரசாங்கத்தின் இன்னொரு இலாகாவில் இருந்தது. பெரியப்பாவுக்கு மூன்று வருஷம் சம்பளம் கொடுத்த டிரெஷரியில் ஒரு லெட்ஜராவது இருந்திருக்கும். தேடும் கஷ்டம் யாருக்கு என்பதுதான் கேள்வி. ஆள்பலமும் அலமாரியும் இருப்பவனுக்கா, டிரங்குப் பெட்டி மட்டும் இருப்பவனுக்கா?

இப்போதுதான் எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டதே, ஸ்கேன் பண்ணிவிட்டால் தீர்ந்ததே என்கிறீர்களா? 2013-ல் டேவிட் க்ரீஸல் என்கிற ஜெர்மன் கம்ப்யூட்டர் நிபுணர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில மெஷின்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிக்கொண்டிருந்தன. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக, ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளை ஒன்றாகச் சேர்த்துவிடும் ஒரு முறை அதில் இருந்தது. அதனால் 6 சில இடங்களில் 8 ஆனது. எழுத்து மங்கியிருந்தால் சந்தேகம் வரும். இதுவோ பளிச்சென்று இருந்தது! கம்பெனி பிறகு சரிசெய்துவிட்டது. ஸ்கேன் செய்த கையோடு அசலை எடைக்குப் போட்டவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன் என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

2008-ல் நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகம் மாடி மாறியது. வாசகர்கள் அனுப்பிய கடிதங்கள், போட்டோக்கள் நாலு மூட்டை. பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு நான்தான் போட்டேன். அனுப்பியவை திரும்ப அனுப்பப்பட மாட்டாது என்று பத்திரிகையிலேயே அச்சடித்திருக்கிறோம். விதி என் பக்கம்.

சில மாசம் கழித்து ஒரு போன். வயசான குரல். அவருடைய அம்மாவின் படத்தை எங்களுக்கு அனுப்பியிருந்தாராம். திரும்பக் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ரொம்ப மரியாதையாகக் கேட்டேன்:

“உங்ககிட்ட காப்பி இருக்கா ஸார்?”

அவர் போனை வைத்த பிறகுதான், நான் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.