முதலில் தண்ணீர் கேட்டவர்



அன்றாடப் பேச்சில் ஆண்டவரைக் குறித்துச் சாட்சி சொல்லவேண்டும் என்று சபையில் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். ஆனால் அந்தப் பேச்சு எப்போது அன்பாகிறது, எப்போது வெறும் கடமையாகிறது? கர்த்தர் எனக்குக் கற்றுக்கொடுத்ததை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ஊழியத்தோடுகூட நான் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். பக்கத்து மெஷினில் ஒரு தம்பி. தினமும் டீ நேரத்தில் அவருக்குக் கைப்பிரதி கொடுத்து, பரலோகம், நரகம் எல்லாம் பேசுவேன். மறுக்காமல் வாங்கிக்கொள்வார். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ஒருநாள் அவர் முகம் வாடியிருந்தது. நான் அதைக் கவனிக்காமல் வழக்கம்போல ஆரம்பித்தேன். அவர் மெதுவாக, "அண்ணே, ரெண்டு வருஷமா பேசுறீங்க. எனக்கு எத்தனை பிள்ளைங்கன்னு ஒருநாளாவது கேட்டீங்களா? சின்னவ நாலு நாளா ஆஸ்பத்திரியில கெடக்கா" என்றார். நெஞ்சில் குத்தினதுபோல இருந்தது.

அதற்குப்பிறகு நான் செய்ததும் தப்புதான். மூன்று மாதம் நலம் மட்டும் விசாரித்தேன். இயேசுவின் பெயரையே எடுக்கவில்லை. 'சமயம் வரட்டும், இதுதான் ஞானம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரியமானவர்களே, அது ஞானமல்ல, பயம். முன்பு ஆளை மறந்து பேசினேன். பின்பு ஆண்டவரை மறந்து பழகினேன்.

யோவான் 4-ம் அதிகாரத்தை முழங்காலில் நின்று வாசித்தேன். களைத்துப்போன இயேசு, சமாரிய ஸ்திரீயிடம் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். தாம் பெற்றுக்கொள்ளுகிற இடத்தில் உட்காருகிறார். ஆனால் தண்ணீரோடு பேச்சை முடிக்கவில்லை. அவள் வாழ்க்கையையும் ஜீவத்தண்ணீரையும் ஒளிக்காமல் பேசினார். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஐயரும் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். முதலில் கற்றுக்கொண்டார், 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுக் கொடுத்தார்.

1 பேதுரு 3:15 நம்மை உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்லுகிறது. உத்தரவு என்றாலே ஒருவர் கேட்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? நம்மிடம் கேட்கும்படி நாம் பழகுகிறோமா?

நான் அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அரைமணி நேரம் அவர் பேசினார், நான் கேட்டேன். கடைசியில், "நீங்க ஜெபம் பண்ணுவீங்கல்ல? பாப்பா பேரைச் சொல்லிப் பண்ணுங்கண்ணே" என்றார். அப்போது நான் யாரிடம் ஜெபிக்கிறேன், ஏன் அவரை நம்புகிறேன் என்பதை மறைக்காமல் ஐந்தே நிமிஷத்தில் சொன்னேன். அந்த இரண்டு வருஷப் பேச்சைவிட அந்த ஐந்து நிமிஷம் உண்மையாயிருந்தது.

அவர் இன்னும் சபைக்கு வரவில்லை. அது அவருக்கும் ஆவியானவருக்கும் உள்ள காரியம். வராவிட்டாலும் அவர் என் தம்பிதான்.

இந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் அவர் பாரத்தைக் கேளுங்கள். உங்கள் நம்பிக்கையைக் குறித்து அவர் கேட்கும்போது, வாயை மூடிக்கொள்ளாதிருங்கள். கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.