இருபத்துநான்கு கேள்விகள்

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வரும் பஸ், சில்க் போர்டும் மடிவாளாவும் தாண்டி டெய்ரி சர்க்கிளை நெருங்கும்போது சில குடும்பங்கள் இறங்குவதற்காக எழுந்து நிற்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து இருட்டோடு கிளம்பி வந்தவர்கள். ஒருவர் கையில் மருந்துச் சீட்டுகள் பிதுங்கும் பிளாஸ்டிக் கவர், இன்னொருவர் கையில் சாப்பாட்டுப் பை. நடுவில் நிற்பவரின் மணிக்கட்டை யாராவது ஒருவர் இறுகப் பிடித்திருப்பார். நிம்ஹான்ஸுக்குப் போகிறவர்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

நடுவில் நிற்பவருக்கு ஓ.பி. சீட்டு உண்டு, ஃபைல் உண்டு, நோய்க்கு ஒரு பெயரும் உண்டு. பக்கத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு ஒன்றும் கிடையாது. மருத்துவமனைப் பேச்சில் அவர்கள் 'அட்டெண்டர்'. இந்தக் கட்டுரை அந்த இரண்டு பேரைப் பற்றியது.

ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் வளாகத்தை பெங்களூரின் பழைய ஆட்கள் இன்றும் 'ஹுச்சாஸ்பத்ரே' என்பார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்பதற்கான கன்னடச் சொல். மைசூர் சமஸ்தானத்தின் மனநல மருத்துவமனையாக இருந்த இடத்தில் 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கியது. 1974இல் இரண்டையும் இணைத்து நிம்ஹான்ஸ் உருவானது. சென்னையில் 1984இல் மனச்சிதைவு ஆய்வு அமைப்பான ஸ்கார்ஃபைத் தொடங்கிய டாக்டர் சாரதா மேனன் மனநல மருத்துவம் படித்தது இங்கேதான். மனநல மருத்துவர், உளவியலாளர், செவிலியர் ஆகியோரோடு நான்காவதாக ஒருவரையும் இந்த நிறுவனம் பயிற்றுவித்து அனுப்பியது. அவர்தான் மனநல சமூகப் பணியாளர். ஊசி போடமாட்டார், மாத்திரை எழுதமாட்டார். அப்படியானால் என்னதான் செய்வார் என்று கேட்டால், வீட்டை விசாரிப்பார் என்று சுருக்கமாகச் சொல்லலாம். விசாரிப்பது என்பதற்குத் தமிழில் உள்ள இரண்டு பொருளும் இங்கே பொருந்தும்.

வீட்டை எப்படி விசாரிப்பது? மருத்துவருக்குக் காய்ச்சலை அளக்க ஒரு கருவி இருக்கிறது. வீடு படும் பாட்டை எதைக்கொண்டு அளப்பது? நிம்ஹான்ஸில் இருந்த ஷைலா பாய், ஆர். எல். கபூர் இருவரும் இதற்கு ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்து 1981இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஆறு தலைப்புகள், இருபத்துநான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சுமை இல்லை, ஓரளவு உண்டு, கடுமையாக உண்டு என்று பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண். குடும்பச் சுமையை அளக்க வந்த பட்டியல்களில் உலகம் முழுவதும் எடுத்தாளப்பட்ட ஒன்று இது. நம் வீடுகளைப் பார்த்து எழுதியது என்பது படிக்கும்போதே தெரியும்.

எப்படித் தெரியும்? பணம் பற்றிய தலைப்பில் ஆறு கேள்விகள். நோயாளியின் சம்பாத்தியம் நின்றதா, அவருக்காக வேறொருவர் வேலையை விட்டாரா, மருத்துவச் செலவு எவ்வளவு, கடன் வாங்கினீர்களா என்று போகும் வரிசையில் கடைசிக் கேள்வி இது: பணமுடையால் தள்ளிப்போட்ட காரியம் ஏதும் உண்டா, உதாரணமாக ஒரு கல்யாணம், ஒரு பயணம், ஒரு சடங்கு? லண்டனில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இந்த மூன்றும் உதாரணமாக வந்திருக்குமா என்பது சந்தேகம்.

கற்பனையாக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். ஆஸ்டின் டவுன் பக்கம் ஒற்றை அறையும் சமையல் மூலையும் கொண்ட வாடகை வீடு. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். மூத்தவள் துணிக்கடையில் நிற்கிறாள். இருபத்திரண்டு வயது மகனுக்கு மனச்சிதைவு நோய். காதில் குரல் கேட்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. முதலில் திருச்சி பக்கம் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் தங்கினார்கள். பிறகு ஒரு தர்கா. அதற்குப் பிறகு நிம்ஹான்ஸ். கோயிலுக்குப் போனதை மருத்துவரிடம் சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். ஆனால் நகை அடகுக்குப் போனது அந்த நாற்பத்தெட்டு நாளில்தான். அந்த நகை அக்காவின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தது. ஆறாவது கேள்வியைக் கேட்கும்வரை இது யாருக்கும் தெரியவராது.

இது ஒரு வீட்டுக் கதையோடு நிற்பதில்லை. நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயுள்ள குடும்பங்கள் சிகிச்சைக்கும் அதற்கான போக்குவரத்துக்கும் மாதம் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை கைக்காசைச் செலவழிப்பதாகச் சொன்னது. மாத்திரை இலவசமாகக் கிடைத்தாலும் பஸ் டிக்கெட்டும், வேலைக்குப் போகாத நாளின் கூலியும் யார் கணக்கிலும் வராது.

பட்டியலின் இரண்டாவது தலைப்பு வீட்டின் அன்றாடம், மூன்றாவது ஓய்வும் பொழுதுபோக்கும். மூன்றாவதற்குப் பெரும்பாலான அம்மாக்கள் சிரித்துவிடுவார்கள். நோய் வருவதற்கு முன்பு மட்டும் ஓய்வு இருந்ததா என்ன?

நான்காவது தலைப்பில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். வீட்டுக்குள் ஒருவரோடு ஒருவர் பழகும் விதம் பற்றிய கேள்விகள். நோயாளியை எப்படி நடத்துவது, யார் பார்த்துக்கொள்வது, யார்மேல் தப்பு என்று மற்றவர்களுக்குள் சண்டை வருகிறதா? உறவினரும் அண்டை வீட்டாரும் வருவதைக் குறைத்துக்கொண்டார்களா? வெட்கப்பட்டு நீங்களே ஒதுங்கிவிட்டீர்களா?

நம் கற்பனை வீட்டில் சண்டை எதைப் பற்றி நடக்கும் என்று ஊகிக்கலாம். மகன் கத்திக்கொண்டு தெருவில் ஓடிய நாளில் சண்டை இல்லை. அன்று எல்லோரும் பதறி ஒன்றாக நின்றார்கள். மாத்திரை சாப்பிட்டுக் குரல்கள் அடங்கிய பிறகு, அவன் பகல் பதினோரு மணிவரை படுத்திருக்கிறான், குளிக்கமாட்டேன் என்கிறான், கேட்டால் பதில் இல்லை. இப்போதுதான் அப்பா ஆரம்பிக்கிறார்: "மூணு வேளை தின்னுட்டுத் தூங்குறான். உடம்புக்கு என்ன கேடு? எல்லாம் நீ குடுக்கிற செல்லம்." மனச்சிதைவு நோயில் இல்லாதது தோன்றுவது ஒரு பக்கம் என்றால், இருந்தது வற்றிப்போவது இன்னொரு பக்கம். ஊக்கம், பேச்சு, முகபாவம், ஆசை எல்லாம் வற்றும். முதல் வகையை வீட்டார் நோய் என்று உடனே ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவதற்கு அவர்களிடம் இருக்கும் சொல் சோம்பேறித்தனம்.

இந்தத் தவறான புரிதலுக்கு ஒரு விலை உண்டு என்று கண்டுபிடித்தது லண்டன். மருத்துவமனையிலிருந்து வெளியேறிய ஆண் நோயாளிகளை 1950களில் பின்தொடர்ந்த ஜார்ஜ் பிரௌன் என்ற சமூகவியலாளர், வாடகை அறைகளுக்குப் போனவர்களைவிடப் பெற்றோரிடமும் மனைவியிடமும் திரும்பியவர்களுக்கே நோய் அதிகம் திரும்புவதைக் கவனித்தார். அன்புள்ள வீடு ஆபத்தா? குழப்பமான முடிவு. தொடர்ந்து செய்த ஆய்வுகளில் விஷயம் தெளிந்தது. இடைவிடாத குறைகூறல், வெறுப்பு, மிதமிஞ்சிய பொத்திப் பாதுகாத்தல் என்ற மூன்றில் ஏதாவது மிகுந்த வீடுகளில்தான் நோய் அதிகம் திரும்புகிறது. அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு முப்பத்தைந்து மணி நேரத்துக்குமேல் முகத்துக்கு முகம் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும் என்று 1976இல் வான், லெஃப் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிறகு சண்டிகரில் இதே ஆய்வைச் செய்தபோது இப்படிப்பட்ட வீடுகள் அங்கே நாலில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. லண்டனில் பாதிக்குக் கிட்ட இருந்தன. இந்தியக் குடும்பத்தைப் பற்றிப் பெருமைப்பட இது போதும் என்று சிலர் நிறுத்திக்கொள்வார்கள். நான் அந்த நாலில் ஒரு பங்கு வீடுகளைப் பற்றிக் கவலைப்படுகிறேன். ஒற்றை அறை வீட்டில் முப்பத்தைந்து மணி நேரம் என்பது மூன்று நாளில் தீர்ந்துவிடும்.

சமூகப் பணியாளரின் கைத்திறன் வெளிப்படுவது இங்கேதான். அப்பாவிடம் போய் "திட்டாதீங்க" என்றால் அவர் கேட்கமாட்டார். தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டதாக நினைத்து அடுத்த முறை வரவும்மாட்டார். அதனால் முதலில் நோயை விளக்குவது. படுத்திருப்பதும் நோயின் பகுதிதான், அது மெதுவாகத்தான் சரியாகும், குளித்தால் அதையே பெரிதாகச் சொல்லுங்கள் என்பது. அடுத்து, அந்த மணி நேரத்தைக் குறைக்க வழி பார்ப்பது. பகலில் பையன் போய்வர ஒரு பகல்நேர மையம் வேண்டும். நிம்ஹான்ஸின் மறுவாழ்வுப் பிரிவில் பேக்கரி, தையல், தச்சு என்று தொழிற்கூடங்கள் உண்டு. ரொட்டி சுடக் கற்பது ஒரு பக்கம் இருக்க, அப்பாவும் மகனும் ஆறு மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதே பாதி மருந்து. மூன்றாவதாகக் காகித வேலை. குறைபாட்டை அளந்து, நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சான்றிதழ் வாங்கலாம். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் இருபத்தொரு குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. பல குடும்பங்கள் கண் தெரியாதவருக்கும் நடக்க முடியாதவருக்கும்தான் அந்தச் சான்றிதழ் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. வேறு சிலர், மகள் கல்யாணம் முடியட்டும், சான்றிதழ் வீட்டில் இருந்தால் சம்பந்தி கண்ணில் படும் என்று தள்ளிப்போடுவார்கள். அது அறியாமை ஆகாது. அவர்கள் ஊரை நன்றாக அறிந்தவர்கள்.

ஐந்தாவது, ஆறாவது தலைப்புகளில் தலா இரண்டே கேள்விகள். வீட்டில் மற்றவர்களின் உடல் கெட்டதா, மனம் கெட்டதா? தூக்கம் போனதா, அழுகை வருகிறதா, செத்துவிடலாம் என்று யாரும் சொன்னார்களா? "உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால் "எனக்கென்ன மேடம், அவன் நல்லானா போதும்" என்றுதான் முதல் பதில் வரும். இரண்டாவது பதிலுக்காகக் காத்திருக்கத் தெரிய வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் இல்லாத சரக்கு அது ஒன்றுதான்.

குடும்பத்தை மருத்துவமனைக்குள் அழைத்தது இந்த நாட்டில் பெரிய தத்துவமாகத் தொடங்கவில்லை. 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர், வார்டுகள் நிரம்பி வழிந்ததால் மருத்துவமனைத் திடலில் கூடாரம் போட்டு நோயாளிகளை உறவினரோடு தங்கவைத்தார். குணமாகிறவரைக் கண்ணால் பார்த்த குடும்பங்கள் பயம் விட்டு வீட்டுக்குக் கூட்டிப்போயின. 1957இல் வேலூர் சி.எம்.சி. பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில் உறவினர் உடன் தங்குவது விதியாகவே ஆனது. பாய், கபூர் இருவரும் இதற்கு அடுத்த படிக்குப் போனார்கள். மருத்துவமனையில் சேர்த்திருக்க வேண்டிய மனச்சிதைவு நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலேயே வைத்து, பயிற்சி பெற்ற செவிலியரை ஆறு மாதம் வீடு தேடி அனுப்பினார்கள். நோயும் கட்டுப்பட்டது, வீட்டின் சுமையும் மருத்துவமனையில் சேர்த்தவர்களின் வீடுகளைவிட அதிகமாகக் குறைந்தது, செலவும் மிச்சம். இதை எழுதி நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. வீடு தேடிப் போகும் செவிலியரும் சமூகப் பணியாளரும் இன்னும் நம் மாவட்டங்களில் அபூர்வக் காட்சிதான்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கலும் உண்டு. இந்தியக் குடும்பம் நல்லது என்று ஆய்வு சொன்னதும், குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று அரசுகள் நிம்மதியாகிவிட்டன. பார்த்துக்கொள்கிற குடும்பம் என்றால் பெரும்பாலும் ஒரு பெண். அவளுக்குச் சம்பளம் கிடையாது, வார விடுமுறை கிடையாது. அவளுக்கு அறுபத்தைந்து வயதாகும்போது, தனக்குப் பின் யார் என்ற கேள்வி வருகிறது. பட்டியலில் அந்தக் கேள்வி இல்லை. பெங்களூரில் ரிச்மண்ட் ஃபெலோஷிப், மெடிகோ பாஸ்டரல் அசோசியேஷன் போன்ற அமைப்புகள் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவில் தங்கும் இல்லங்களைப் பல வருடங்களாக நடத்திவருகின்றன. ஆனால் இடங்கள் சொற்பம். 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடும்பம் இல்லை அல்லது ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. இடைநிலை இல்லங்களையும் ஆதரவு இல்லங்களையும் ஏற்படுத்துவது அரசின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. முதல் பாதியை எடுத்துச் சொல்கிறவர்கள் அதிகம், இரண்டாவது பாதியைக் கேட்டு நிற்பவர்கள் குறைவு.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது அந்தப் பஸ்ஸில் வருகிறவராக இருக்கலாம். டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கியதும் திரும்பிவிடாதீர்கள். சோஷியல் வொர்க்கரைப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அடகு வைத்த நகையையும், கோயிலில் தங்கிய நாட்களையும், உங்கள் தூக்கத்தையும் பற்றிச் சொல்லுங்கள். அவ்வளவு தூரம் வர முடியாதவர்கள் 14416 என்ற எண்ணில் டெலி மானஸை அழைக்கலாம். 2022 அக்டோபரில் நிம்ஹான்ஸைத் தலைமை மையமாகக் கொண்டு தொடங்கிய இலவச சேவை அது. இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. தமிழிலும் பேசுவார்கள். நோயாளிதான் பேச வேண்டும் என்று இல்லை, கூட இருப்பவரும் பேசலாம்.